ஞாயிறு காலை பத்து மணி

நங்கநல்லூருக்குப் புறநகர் இரயிலில் வருவோர் பழவந்தாங்கல் நிலையத்தில் இறங்குவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நிலையத்தின் பயணச்சீட்டு கொடுக்குமிடத்துக்கு அருகே ஒரு பெரியவர் நிற்பதை நாம் பல வாரங்களாகக் கண்டிருக்கிறோம். கையில் தண்ணீர்ப் புட்டி ஒன்று, பிஸ்கட் பொட்டலம் ஒன்று. தாம்பரம் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் அவர் கண்கள் துழாவும். வண்டி போய்விடும். மீண்டும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

அறிமுகமான பின் ஒருநாள், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். குடும்பநல நீதிமன்றத்தின் ஆணையின் நகல் அது. பேரனுக்கு எட்டு வயது. மகனும் மருமகளும் பிரிந்துவிட்டனர். பையன் தாயிடம் குரோம்பேட்டையில் வளர்கிறான். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அவனைத் தந்தை வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும்; மாலை ஐந்து மணிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மகனும் மருமகளும் நேரில் கண்டால் வாய்ச்சண்டை மூளும் என்பதால் தாத்தாவே தூது. "நீதிபதி கையொப்பம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது. பையன்தான் இல்லை, ஐயா" என்றார். தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் பையன் வரவில்லை. முதல் வாரம் காய்ச்சல் என்று செய்தி வந்ததாம். அடுத்த வாரம் தேர்வு. மூன்றாம் வாரம் செய்தியே இல்லை.

இக்குடும்பத்தின் பெயரையோ அடையாளத்தையோ நாம் இங்கு எழுதப்போவதில்லை. ஆயினும் அப்பெரியவர் கேட்ட கேள்வியை எழுதியே ஆக வேண்டும். ஏனெனில் நம் பங்குகளில் இதே கேள்வியோடு வாழும் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. வெளியில் சொல்ல வெட்கி, திருப்பலி முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீடு திரும்புவோர் அவர்கள். கேள்வி இதுதான்: நீதிமன்றம் நாளும் நேரமும் குறித்துக் கொடுத்த பிறகும் குழந்தை வரவில்லையென்றால், அடுத்து எங்கே போவது?

முதலில் ஒரு குழப்பத்தை அகற்றிவிடுவோம். மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தால், அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அத்தீர்ப்பு திருச்சபைக்குள் பொருந்தும். நாட்டின் உரிமையியல் சட்டத்தில் அதற்கு விளைவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் மாலி ஜோசப் வழக்கிலேயே தெளிவுபடுத்திவிட்டது. குழந்தை யாரிடம் வளர வேண்டும், மற்றவர் எப்போது காண வேண்டும் என்பனவற்றை நாட்டின் நீதிமன்றமே முடிவுசெய்யும். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்திலுள்ள 41 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதற்கு வழிசெய்கின்றன. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம் உள்ளது. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம் இவ்வழக்குகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. சென்னையில் அந்நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகின்றன. பழவந்தாங்கலில் வண்டியேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடந்து போய்விடலாம்.

இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பொன்று நம் சென்னையில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த வழக்கினால் வந்தது என்பதைப் பலர் அறியார். ரோசி ஜேக்கப் வழக்கு என்பது அதன் பெயர். மனைவி 1962இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிமுறைப் பிரிவினை கோரினார். 1964இல் அது கிடைத்தது. குழந்தைகள் மூவர். அவர்கள் யாரிடம் இருப்பது என்ற கேள்வியோ அத்தோடு ஓயவில்லை. தனி நீதிபதி, பின்னர் மேல்முறையீட்டு அமர்வு, மீண்டும் புதிய மனு, மீண்டும் மேல்முறையீடு என்று அது நடந்து, 1973 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. பதினோரு ஆண்டுகள்! அதற்குள் ஒரு குழந்தைப் பருவமே கழிந்துவிடும். குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருளும் அல்லர், விளையாட்டுப் பொம்மையும் அல்லர் என்று அத்தீர்ப்பில் நீதிபதிகள் கூறினர். அவர்கள் கூறிய மற்றொன்று நம் பெரியவரின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. குழந்தையின் பாதுகாப்பு பற்றிய ஆணைகள் யாவும் இயல்பிலேயே தற்காலிகமானவை. காலமும் சூழ்நிலையும் மாறினால், குழந்தையின் நலன் கருதி அவற்றை மாற்றலாம். சொத்து வழக்கின் தீர்ப்பைப் போல் கல்லில் வெட்டியதன்று இது. ஆகவே, ஆணை பிடிக்காதவர் அதை மீறத் தேவையில்லை, மாற்றக் கோரலாம். ஆணை மீறப்பட்டவரும் வீதியில் நின்று கூவத் தேவையில்லை. அதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம்.

தட்டினால் என்ன நடக்கும்? இங்கேதான் பெரியவரின் தாளை நாம் சற்று நிதானமாகப் படித்துப் பார்த்தோம். நாளும் நேரமும் இருந்தன. ஒப்படைக்கும் இடம் எழுதப்படவில்லை; இரயில் நிலையம் இரு வீட்டாரும் வாய்மொழியாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. குழந்தைக்கு உடல்நலமில்லையென்றால் அந்த வாரத்துக்கு ஈடாக வேறு நாள் உண்டா? எழுதப்படவில்லை. கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ், பிறந்தநாள் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. இத்தகைய ஆணையை நிறைவேற்றுவிப்பது கடினம். எதிர்த் தரப்பார் வந்து, "நான் மறுக்கவில்லையே, அவன் காய்ச்சலாய்க் கிடந்தான்" என்றால், மீறல் எது என்று நீதிபதி எதைக்கொண்டு தீர்மானிப்பார்? நியாயமான முறையில் சந்திக்கலாம் என்று மட்டும் எழுதிய ஆணைகளையும் நாம் கண்டிருக்கிறோம். நியாயம் எது என்பதில் உடன்பாடு இருந்திருந்தால் அவ்விருவரும் நீதிமன்றத்துக்கே வந்திருக்க மாட்டார்களே!

ஆகையால் ஆணை பெறும்போதே கவனம் வேண்டும். கிழமை, மணி, இடம், யார் அழைத்து வருவது, யார் திரும்பக் கொண்டுவிடுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, நோயென்றால் யார் யாருக்கு எப்படித் தெரிவிப்பது, தவறிய நாளுக்கு ஈடு எப்போது, விடுமுறையில் எத்தனை நாள், வாரநாளில் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசுவது எந்த நேரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். காணொளிப் பேச்சு அற்பமானதன்று. 2020 ஜனவரியில் யஷிதா சாகு வழக்கில், நேரில் காண்பதோடு இவ்வாறு தொடர்பு கொள்வதும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரியதே என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. குழந்தைக்குத் தாய், தந்தை இருவர் அன்பும் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிநாதம்.

ஆணை தெளிவாக இருந்தும் மீறப்பட்டால், நிறைவேற்று மனு தாக்கல் செய்யலாம். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அந்நீதிமன்றத்தின் ஆணைகளை உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி நிறைவேற்ற அதிகாரம் தருகிறது. செய்ய வேண்டியதைச் செய்ய வாய்ப்பிருந்தும் வேண்டுமென்றே செய்யாதவரின் சொத்தைப் பறிமுதல் செய்யவும், அவரை உரிமையியல் சிறையில் வைக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவோ, குழந்தையை முன்னிலைப்படுத்த இட்ட ஆணையை மீறுவோருக்கு நூறு ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய், மொத்தத்தில் ஐந்நூறுக்கு மேற்படாமல், என்று விதிக்கிறது. விக்டோரியா மகாராணி காலத்தில் அது கடும் தண்டனை. இன்று நங்கநல்லூரிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு ஆட்டோவில் போய்வர அது போதுமா என்பது ஐயமே. ஆயினும் அதே பிரிவில், குழந்தையை ஒப்படைப்பதாக உறுதி கூறும்வரை சிறையில் வைக்கும் அதிகாரமும் உண்டு. அது இன்னும் கூர் மழுங்கவில்லை.

1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தை அணுகுவது மற்றொரு வழி. மீறல் நடந்த ஓராண்டுக்குள் அணுக வேண்டும். ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டவுடன் பெரியவரின் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் அவளை உள்ளே தள்ளலாம்!" என்றார். தந்தை அவரைப் பார்த்த பார்வையை நாம் மறக்கவில்லை. "தள்ளிவிட்டு? ஞாயிற்றுக்கிழமை பையன் வந்து, 'அம்மா எங்கே தாத்தா' என்று கேட்டால் நீ பதில் சொல்வாயா, நான் சொல்வதா?" என்றார்.

நீதிபதிகளும் இவ்வாறே எண்ணுகின்றனர் போலும். சிறைக்கு அனுப்புவதைக் கடைசி வரைக்கும் ஒத்திவைப்பர். முதலில் எச்சரிப்பர், ஆலோசகரிடம் அனுப்புவர், தவறிய நாள்களுக்கு ஈடு தரச் சொல்வர், ஒப்படைக்கும் இடத்தை மாற்றுவர், தொடர்ந்து மீறினால், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதையே மறுபரிசீலனை செய்வர். இந்தக் கடைசி அச்சமே பலரை வழிக்குக் கொண்டுவருகிறது.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டு எழுதுவது நமக்கு உவப்பன்று. ஆகவே பெரியவரின் ஒப்புதலோடு குரோம்பேட்டைக்குச் சென்று அத்தாயையும் கண்டோம். அவர் வரவேற்றுக் காப்பி கொடுத்தார். பிறகு தம் கைப்பேசியைக் காட்டினார். இரண்டு மாதமாகப் பையனின் பராமரிப்புத் தொகை வந்து சேரவில்லை. ஐந்து மணிக்கு வரவேண்டிய பையன் ஒருமுறை இரவு ஒன்பதுக்கு வந்திருக்கிறான், மறுநாள் பள்ளி. "மாமாமேல் எனக்கு வருத்தமே இல்லைங்க. அவர் நல்லவர். ஆனால் பணம் கொடுக்காதவருக்குப் பிள்ளை மட்டும் எதற்கு?" என்றார்.

இக்கேள்வி நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு. பராமரிப்புத் தொகை குழந்தையின் உரிமை. பெற்றோர் இருவரையும் காண்பதும் குழந்தையின் உரிமையே. ஒன்று வரவில்லையென்று மற்றொன்றை நிறுத்திவைப்பது, பால்காரர் வரவில்லையென்று குழந்தைக்குச் சோற்றையும் நிறுத்துவது போலாகும். தொகை வராவிட்டால் அதை வசூலிக்கத் தனி மனு உண்டு. சந்திப்பு தவறினால் அதற்கும் தனி மனு உண்டு. தந்தையும், "பிள்ளையைக் காட்டவில்லை, ஆகவே பணமில்லை" என்று சொல்ல முடியாது. இதை நாம் மகனிடம் எடுத்துரைத்தபோது அவர் தலைகுனிந்தார். தொகை நின்றுபோன செய்தியே பெரியவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சில வேளைகளில் நீதிமன்றமே கூட எல்லை எதுவெனத் தேட வேண்டியிருக்கிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. குழந்தையைக் காணத் தந்தை தாயின் வீட்டுக்கு வரலாம் என்று ஆணையிட்ட தனி நீதிபதி, வருபவரை விருந்தினராகக் கருதித் தேநீரும் சிற்றுண்டியும் கொடுத்து உபசரிக்கவும் வேண்டும் என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், குழந்தையின் கண்முன்னே பெற்றோர் மரியாதையோடு நடக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆயினும் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அப்பகுதியை நீக்கியது. நேரத்தையும் இடத்தையும் நீதிமன்றம் விதிக்கலாம்; தேநீரை விதிக்க முடியாது. குரோம்பேட்டையில் நமக்குக் கிடைத்த காப்பி எந்த ஆணையினாலும் வந்ததன்று.

தொலைவு என்பதும் ஒரு தொல்லை. மதுரையில் தாயிடம் வளரும் இரண்டு வயதுப் பெண் குழந்தையை ஞாயிறுதோறும் கரூருக்கு அழைத்துச் சென்று தந்தைக்குக் காட்ட வேண்டும் என்றோர் ஆணை இருந்தது. ஒரே நாளில் போகவும் வரவும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்தையின் உரிமையைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மதுரைக்கு மாற்றியது. பெற்றோரின் வழக்குக்காகக் குழந்தையின் உடல்நலம் பலியாகக் கூடாது என்பது அதன் காரணம். பயணம் செய்ய வேண்டியவர் பெரியவரே.

வெளிநாடுகளிலும் இது தீர்ந்த சிக்கலன்று. இங்கிலாந்தில் 2008 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, சந்திப்பு ஆணையைக் காரணமின்றி மீறும் பெற்றோரை 40 முதல் 200 மணி நேரம் வரை ஊதியமின்றிப் பொதுப்பணி செய்யச் சொல்லலாம். வீணான பயணச் செலவுக்கு இழப்பீடும் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் பெற்றோர் இருவருக்கும் சமபங்குப் பொறுப்பு என்ற முன்னனுமானத்தை 2006இல் கொண்டுவந்தனர். சண்டையும் வன்முறையும் உள்ள வீடுகளில் அது குழந்தைகளுக்கே ஆபத்தாகிறது என்ற கவலை வலுக்கவே, 2024 மே முதல் அதை நீக்கிவிட்டனர். நம் நாட்டில் நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மே மாதம் தன் 257ஆம் அறிக்கையில், கூட்டுப் பொறுப்பையும் ஒரு வழியாகச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே உள்ளது. எனினும் பெற்றோர் ஒத்துக்கொண்டு கேட்டால் நீதிமன்றங்கள் அவ்வாறு ஆணையிடத் தயங்குவதில்லை.

மிகக் கடினமான நிலை ஒன்றுண்டு. ஆணை தெளிவாக இருக்கும், தாயும் தடுக்கவில்லை, குழந்தையே போக மறுக்கும். யாரோ சொல்லிக் கொடுத்தார்களா? அல்லது அக்குழந்தை கண்ட ஏதோ ஒன்று அதன் நெஞ்சில் நிற்கிறதா? ஒரு பெற்றோருக்கு எதிராகப் பிள்ளையின் மனத்தைத் திருப்பும் கொடுமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017இல் விவேக் சிங் வழக்கில் வருந்தி எழுதியது. 2024இல் அதே நீதிமன்றம், அக்குற்றச்சாட்டைத் தக்க ஆதாரமின்றி யார்மீதும் எளிதில் சுமத்தலாகாது என்று எச்சரித்தது. இரண்டும் உண்மையே. அடியும் குடிவெறியும் இருந்த வீட்டிலிருந்து வந்த குழந்தை அஞ்சுவதைச் சதி என்று கூறிவிட முடியாது. இத்தகைய இடங்களில் நீதிபதி குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவார். 1890ஆம் ஆண்டுச் சட்டமே, அறிவோடு விருப்பம் தெரிவிக்கும் வயதுடைய பிள்ளையின் கருத்தைக் கேட்க இடமளித்திருக்கிறது. ஐயமிருப்பின், நீதிமன்ற வளாகத்திலேயே பிறர் மேற்பார்வையில் சில வாரங்கள் சந்திக்கச் செய்வதும் உண்டு. நாற்காலி, பொம்மை, ஓரிரு மணி நேரம். சுற்றிலும் வேறு குடும்பங்கள். அங்கே அப்பாவின் மடியில் உட்காரத் தயங்கித் தயங்கி நிற்கும் பிள்ளைகளைக் கண்டவர்கள் வழக்குத் தொடுக்குமுன் ஒருமுறை யோசிப்பர்.

நம் பெரியவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லி விடுகிறோம். நாமும் அவர் வழக்கறிஞரும் கூறியபடி ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கினார். ஞாயிறுதோறும் தேதி, தாம் வந்து நின்ற நேரம், பையன் வந்தானா, என்ன செய்தி வந்தது என்று வரிக்கு வரி எழுதினார். வசைச்சொல் ஏதும் எழுதவில்லை. நீதிமன்றத்தில் உரத்த குரலைவிட இத்தகைய நோட்டுப் புத்தகம் அதிகம் பேசும். மகன் நிலுவைத் தொகையை இரண்டு தவணைகளில் கட்டினார். கட்டிய இரசீதோடுதான் மனு தாக்கல் ஆனது. தண்டனை கோரவில்லை. ஒப்படைக்கும் இடத்தைக் குறிக்கவும், தவறும் ஞாயிறுக்கு அடுத்து வரும் சனிக்கிழமையை ஈடாக்கவும், மாலை ஐந்து மணியை இரு தரப்பும் காக்கவும் கோரினர். நீதிபதி இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பினார். 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியபோது நாட்டில் அதுவே முன்னோடி. அதன்பின் இம்முறை எங்கும் வேரூன்றிவிட்டது. மூன்று அமர்வுகள் நடந்தன. முதல் அமர்வில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே மறுத்தனராம். மூன்றாவதில், பையனுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது யார் என்பதில் சண்டை வந்ததாம். "அது நல்ல சண்டை, ஐயா" என்றார் பெரியவர்.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத நமக்கு ஆசைதான். அப்படியில்லை. திருத்திய ஆணை வந்த பிறகும் ஒரு ஞாயிறு பையன் வரவில்லை. ஆனால் முன்பகலிலேயே செய்தி வந்தது, அடுத்த சனிக்கிழமை வந்தான். நோட்டுப் புத்தகத்தில் அதுவும் ஏறியிருக்கிறது.

சென்ற ஞாயிறு நாம் அவ்வழியே சென்றபோது மணி பத்தேகால். வண்டியிலிருந்து இறங்கிய தாய், பையனின் கைக்குட்டையைச் சரிசெய்து சட்டைப்பையில் வைத்து, "வீட்டுப்பாடம் இன்னும் முடிக்கவில்லை மாமா, கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூறி, எதிர்த் தண்டவாளத்து வண்டிக்காகப் படியேறினார். பையன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபடி, "தாத்தா, இன்றைக்கும் இதேதானா?" என்றான். பெரியவர் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார், பேனாவைத் தேடினார், காணவில்லை. பையனே தன் பள்ளிப் பையைத் திறந்து பென்சில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.